கம்பளத்தில் மூழ்கியவர்

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிற மனிதருக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு என்றதும் அவர் பின்வரிசைக்கு நழுவப் பார்த்தார். போன தடவை பரிசு கொடுத்தபோது ஒரு சுவர்க்கடிகாரத்தோடு இரண்டாவது லிஃப்டையும் சேர்த்து அவர் தலையில் கட்டியிருந்தார்கள். இந்தத் தடவை கொடுத்தது ஒரு சீட்டு. ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய வாட்டர் பார்க்கில் மனைவி, மகளோடு ஒரு ராத்திரி தங்கலாம். வருஷம் முழுக்க லீவே எடுக்காமல் வேலை பார்த்ததற்காக என்று மைக்கில் சொன்னார்கள். தங்குவதற்கு லீவு வேண்டுமே என்று இவர் மேடையிலேயே கேட்டுவிட்டார். கைதட்டல் நின்றுபோனது. பெரிய டாக்டர் வேறு வழியில்லாமல் ஒரு பகலையும் ஒரு ராத்திரியையும் கொடுத்தார். ராத்திரி வேலை முடித்து நேராகப் போக வேண்டியது, மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து லிஃப்டுக்குள் நிற்க வேண்டியது.

அவருக்கு எட்டு வயசில் ஒரு மகள். வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அவளுக்கு வாலு என்றுதான் பேர். கடலுக்குக் கூட்டிப் போகிறேன், ஆற்றுக்குக் கூட்டிப் போகிறேன் என்று லிஃப்ட்காரர் அவளிடம் பல தடவை வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் செருப்பு மாட்டுகிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும், லிஃப்டுக்கு ஆள் இல்லை என்று. இவரும் மாட்டின செருப்போடு அந்தப் பக்கம் போய்விடுவார். சீட்டைக் காட்டியபோது வாலு குதிக்கவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவையும் நனையாம வந்தோம்னா, இனிமே நீ சொல்றத நம்ப மாட்டேன்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையை மூடப் போகிறவர்கள் கதவைச் சாத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவருக்கு உறைத்தது. இருந்தாலும் அன்றிலிருந்து வாளித் தண்ணீருக்குள் முகத்தை விட்டு மூச்சுப் பிடித்துப் பழகினாள். நம்பாவிட்டாலும் தயாராக இருப்பதில் தப்பில்லை என்பது அவள் எண்ணம்.

சீட்டோடு பளபளவென்று ஒரு காகிதமும் வந்திருந்தது. 'வந்த நாளை வீணாக்காதீர்கள்' என்று அதற்குத் தலைப்பு. அறை மத்தியானம்தான் கிடைக்கும், ஆனால் தண்ணீர் காலையிலேயே தயார், ஆகையால் சீக்கிரம் வாருங்கள், குளிக்கிற உடையை உள்ளே போட்டுக்கொண்டு வாருங்கள், துண்டைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் குதியுங்கள். லிஃப்ட்காரரின் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவர். வழவழத் துணி வாங்கி மூன்று பேருக்கும் குளிக்கிற உடை தைத்தார். புருஷனுக்குத் தைத்ததில் துணி போதாமல் பின்பக்கம் மட்டும் வேறு நிறம் வைத்தார். தண்ணீருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானமும் சொன்னார்.

காகிதத்தில் இருந்தபடியே செய்தார்கள். அச்சடித்த காகிதத்தை இவ்வளவு நம்புகிறவர்களை அந்த இடத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம், வழுக்குகிற தரை, எதிர்ப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலமாகத் தண்ணீர். அதற்கு மேலே குடலை உருவிப் போட்ட மாதிரி மஞ்சள் குழாய்கள் சுற்றிச் சுற்றி இறங்கின. வாலு ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். தண்ணீரில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். எல்லாரும் ஒரு கையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

எதற்கு அப்படிக் கையைத் தூக்குகிறார்கள் என்று லிஃப்ட்காரர் விசாரித்தார். கையில் கட்டுகிற அனுமதிப் பட்டை காகிதத்தில் செய்தது என்றாள் வரவேற்பில் இருந்த பெண். நனைந்தால் செல்லாது. செல்லாத பட்டையோடு தண்ணீரில் இருப்பவர்களை வெளியேற்றிவிடுவார்கள். பிளாஸ்டிக்கில் செய்தால் என்ன என்று இவர் கேட்டார். அவள் சிரித்தாள். பிளாஸ்டிக் கெடுதல் என்றாள். துணியில் செய்யலாமே என்றார். அதற்கும் சிரித்தாள். மூன்றாவதாக இவர் வாயைத் திறந்ததும் மணியை அமுக்கி அதிகாரியை வரவழைத்துவிட்டாள். இரண்டு கேள்விக்குத்தான் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வந்தவர் வருகை அதிகாரி. கழுத்தில் மீன் படம் போட்ட டை, இடுப்பில் வாக்கி டாக்கி, காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கெட்டுப்போகிற மாதிரி பளபளக்கிற ஷூ. சீட்டை வாங்கிப் பார்த்தார். குடும்பத்தைப் பார்த்தார். வாருங்கள் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, அவர்கள் இன்னும் வருகை ஆகவில்லை என்று விளக்கினார்.

லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. இதோ நிற்கிறோமே என்றார்.

"வர்றது வேற, வருகை வேற சார். வர்றது நீங்க பண்றது. வருகை நாங்க பண்றது" என்றார் அதிகாரி. "ரோட்டுல போறவன்கூடத்தான் உள்ள வந்துட முடியும். அதுக்குப் பேரு வருகையா?"

தண்ணீர் யாருக்கு என்பதையும் அவரே தெளிவாக்கினார். விருந்தாளிகள் தங்குகிற நாட்களில் முதல் நாள் வருகை நாள். அன்றைக்கு வருவதுதான் வேலை. கடைசி நாள் புறப்படுகிற நாள். ஈரத்தோடு புறப்பட விட்டால் வெளியே பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். ஆகவே குளிப்பது நடு நாளில். இவர்களுடையது ஒரு ராத்திரித் தங்கல். அதில் நடு நாள் கிடையாது.

லிஃப்ட்காரரின் மனைவி பையிலிருந்து பளபளக் காகிதத்தை எடுத்து நீட்டினார். வந்த நாளை வீணாக்காதீர்கள் என்று இருக்கிறதே என்றார். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம் என்று அதிகாரி சந்தோஷப்பட்டார். ஒரு நிமிஷம்கூட வீணாகாதபடி நாள் பூராவும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. எல்லா நிகழ்ச்சியையும் ஐந்து மணிக்குள் முடித்துவிட்டால் வருகை பூர்த்தி. வருகை பூர்த்தியானவர்கள் அன்றைக்கே தண்ணீரில் இறங்கலாம், விதியிலேயே இருக்கிறது. ஐந்து மணிக்குத் தண்ணீரை மூடிவிடுவார்கள். அப்படி இதுவரைக்கும் யாராவது இறங்கியிருக்கிறார்களா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"விதியில இருக்கு மேடம்" என்றார் அதிகாரி மறுபடியும்.

கூடத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவந்திருந்தார். மருமகன் வருஷா வருஷம் இங்கே ஒரு ராத்திரிக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பதாகவும், இதுவரைக்கும் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை என்றும் சொன்னார். வருத்தமாக இல்லையா என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு, "தண்ணி எதுக்குத் தம்பி? நாற்காலி நல்லா இருக்கு, ஃபேன் நல்லா இருக்கு, மருமகன் பக்கத்துல இல்ல. இதுக்கு மேல மனுஷனுக்கு என்ன வேணும்?" என்றார்.

மூன்று பேர் கையிலும் காகிதப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். முதல் நிகழ்ச்சி உடை மாற்றுவது. அங்கேயே தகராறு. உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பான அம்மாள், குளிக்கிற உடையை உள்ளேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று கேட்டதும் முகம் கறுத்துவிட்டார். எல்லாரும் இப்படி வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிட்டால் தனக்கு இங்கே என்ன வேலை, தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட்காரருக்குப் பாவமாகப் போய்விட்டது. அந்த அம்மாளின் மன ஆறுதலுக்காக முதல் அறைக்குள் போய்க் குளிக்கிற உடையைக் கழற்றினார்கள். மேல் உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டாவது அறைக்குள் போய் மேல் உடையைக் கழற்றிக் குளிக்கிற உடையைப் போட்டார்கள். லிஃப்ட்காரரின் பின்பக்கத்து வேறு நிறத்தை எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த நிகழ்ச்சி நடக்கிற அறையில் குளிக்கிற உடைக்கு அனுமதி இல்லை என்பதால், அதற்கு மேலே மறுபடியும் மேல் உடையைப் போட்டுக்கொண்டார்கள். காலையில் எப்படி வந்து சேர்ந்தார்களோ அச்சு அசலாக அப்படியே நின்றார்கள்.

"பாத்தீங்களா, இதான் முறை" என்றார் அந்த அம்மாள்.

அடுத்தது ஈரச் சோதனை. நனையாதவர்களை மட்டும்தான் தண்ணீர்ப் பக்கம் விடுவார்களாம். ஏற்கெனவே ஈரமாக இருக்கிற ஆளை உள்ளே விட்டால், அவர் எங்கே நனைந்தார் என்பதற்கு யார் ஜவாப்தாரி? ஒருவர் வெள்ளைத் துண்டை நெற்றியில் ஒற்றிப் பார்த்தார். உடைக்கு மேல் உடை போட்டதில் மூன்று பேருக்கும் வேர்த்திருந்தது. உலர்த்துகிற அறையில் உட்காரவைத்தார்கள். அங்கே சுவரோரமாகச் சூட்டுக் காற்று வந்தது. அதில் இன்னும் வேர்த்தது. வேர்க்க வேர்க்க ஒற்றிப் பார்த்தார்கள். கடைசியில் துண்டுக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் வந்ததால் உலர்ந்துவிட்டார்கள் என்று முடிவானது.

இவர்களும் கொண்டுவந்திருந்த ரொட்டியையும் முட்டையையும் ஒரு மூலையில் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். வாலு ரொட்டியை மென்றுகொண்டே அப்பாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதாண்டா கண்ணு, முடிஞ்சிடும்" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை இதே குரலில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பது அவருக்கே ஞாபகம் வந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி நிகழ்ச்சிக்கு உலர் நீச்சல் பயிற்சி என்று பேர். பெரிய அறை. தரை முழுக்க நீலக் கம்பளம், அதில் அலை அலையாக வெள்ளைக் கோடு. அறையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெறுந்தரை. அதுதான் கரை. நடுவில் உயரமான நாற்காலியில் லைஃப்கார்டு உட்கார்ந்திருந்தார், அதாவது மூழ்குகிறவர்களை இழுத்துக் கரையில் போடுகிற ஆள். சிவப்பு டிராயர், அகலமான மார்பு, அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. அவர் விசில் அடித்ததும் வருகை நாள் விருந்தாளிகள் எல்லாரும் கம்பளத்தில் குப்புறப் படுத்துக் கையைக் காலை உதைத்து நீந்தினார்கள். தபால்காரப் பெரியவர் மல்லாந்து படுத்து மிதப்பதாகச் சொல்லிவிட்டார். வாலு வெறி பிடித்த மாதிரி நீந்தினாள். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். லிஃப்ட்காரரின் மனைவி, வீட்டில் தரை துடைப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

லிஃப்ட்காரரும் படுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது.

ராத்திரி முழுக்க நோயாளிகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்த உடம்பு. கம்பளம் மெத்தை மாதிரி இருந்தது. ஏசிக் காற்று பிடரியில் இதமாகப் பட்டது. இரண்டு தடவை கையை வீசினார். மூன்றாவது தடவை வீசின கை போன இடத்திலேயே நின்றுவிட்டது.

விசில் அடித்தால் எல்லாரும் கையைத் தூக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. லைஃப்கார்டு விசில் அடித்தார். எல்லாரும் தூக்கினார்கள், லிஃப்ட்காரர் தூக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். மூன்றாவதாகவும் அடித்தார். லிஃப்ட்காரரிடமிருந்து குறட்டைதான் வந்தது. அதைத் தண்ணீர் குடிக்கிற சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். லைஃப்கார்டு நாற்காலியிலிருந்து குதித்து, கம்பளத்தில் நீந்தி வந்து, அவரை அக்குளில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெறுந்தரையில் போட்டார். கரை சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று அறிவித்தார்.

லிஃப்ட்காரர் கண் விழித்தபோது மேலே வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. தலைமாட்டில் மனைவி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கட்டில்ல தினமும்தான் இப்படி மூழ்கறாரு. அப்பல்லாம் ஒருத்தரும் விசில் அடிக்கலியே" என்றார்.

லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து, தனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசந்துவிட்டேன் என்றார். வருகை அதிகாரி மரியாதையாகக் குனிந்து அவருக்கு எடுத்துச் சொன்னார். மூன்று விசிலுக்குக் கை தூக்காதவர் மூழ்கினவர். அதில் வயசு, வேலை, சொந்தக் காரணம் எதையும் பார்ப்பதில்லை. அவர் உயிரோடு இருப்பதை நிர்வாகம் மறுக்கவில்லை. உள்ளபடியே அதில் சந்தோஷம்தான். ஆனால் மூழ்கினது மூழ்கினதுதான், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை.

அதனால் என்ன, நான் வெளியே இருக்கிறேன், மகளும் மனைவியும் இறங்கட்டும் என்றார் லிஃப்ட்காரர். அதற்கும் வழி இல்லை. சீட்டு அவர் பேரில் இருக்கிறது. மனைவியும் மகளும் அவருடைய துணையில் வந்தவர்கள். துணைக்கு வந்த ஆள் மூழ்கிவிட்ட பிறகு ஒரு குழந்தையைத் தண்ணீரில் விட எந்த மனசாட்சியுள்ள நிர்வாகமும் சம்மதிக்காது.

வாலு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள். சிராய்த்த முட்டியை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. எதிர்பார்த்தது நடந்துவிட்டவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வருமே, அது அவள் முகத்தில் வந்திருந்தது. லிஃப்ட்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளாவது இரண்டு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

இதற்குள் செய்தி மேலே போய், பொது மேலாளரே இறங்கி வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல குரல், அந்தக் குரலை அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அந்த பார்க்கில் மூழ்கின முதல் ஆள் லிஃப்ட்காரர்தான் என்பதால் இதை லேசாக விட்டுவிட முடியாது என்றார். உடை மாற்றும் அறை அம்மாள், துண்டுக்காரர், வரவேற்புப் பெண், எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்து வரிசையாக நிறுத்தினார்கள். துக்கத்துக்கு மரியாதையாக அன்றைக்குத் தண்ணீரை முன்கூட்டியே மூடிவிட உத்தரவானது. குளித்துக்கொண்டிருந்த நடு நாள்காரர்கள் தூக்கின கையோடு வரிசையாக வெளியேறினார்கள். லிஃப்ட்காரரைப் பின்வரிசையில், குடும்பத்தாரோடு நிற்கும்படி கேட்டுக்கொண்டார்கள். தோளில் துண்டோடு அவரும் போய் நின்றார். எங்கே நில் என்றாலும் நிற்கிற பழக்கம்.

பொது மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பதினஞ்சு வருஷமா இங்க ஒரு விருந்தாளிகூட மூழ்கினதில்ல. காரணம் என்ன? நாங்க யாரையும் அவசரப்பட்டுத் தண்ணிகிட்ட விடறதில்ல. இன்னைக்கு ஒருத்தர் மூழ்கிட்டாரு. எங்க மூழ்கினாரு? தண்ணிக்கு அம்பதடி தள்ளி, கம்பளத்துல. தண்ணி இல்லாத எடத்துலயே இந்தக் கதின்னா, தண்ணில விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நம்ம ஏற்பாடு எவ்வளவு சரின்னு அவரு தன் உயிரைக் குடுத்து நிரூபிச்சிட்டுப் போயிருக்காரு."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பின்வரிசையில் லிஃப்ட்காரரும் தன்னை அறியாமல் ஆட்டிவிட்டார். மனைவி முழங்கையால் இடித்தார்.

மறைந்தவரோடு பழகினவர்கள் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். தபால்காரப் பெரியவர் எழுந்து, காலையிலிருந்துதான் பழக்கம் என்றாலும் தங்கமான மனுஷன், சாப்பிட்ட இடத்தைத் தானே துடைத்தார் என்று சொல்லிவிட்டுத் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடை மாற்றும் அறை அம்மாள், உடை விஷயத்தில் அவர் காட்டின பெருந்தன்மையைச் சொல்லும்போது நிஜமாகவே விசும்பினார். கடைசியில் பொது மேலாளர் வாலுவைக் கூப்பிட்டு, அப்பாவைப் பற்றிப் பாப்பா ஏதாவது சொல்லலாம் என்றார்.

வாலு முன்னால் போனாள்.

"எங்கப்பா இன்னைக்கு என்னைத் தண்ணில எறக்கறேன்னு சொன்னாரு" என்றாள். அப்புறம் வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டாள்.

மௌன அஞ்சலி தொடங்கியது. எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் மூடவில்லை. மகளைப் பார்த்தார். மேலிருந்து பார்க்க அவள் தலைமுடி வைக்கோல் மாதிரி காய்ந்து கிடந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மற்றவர்கள் சொன்ன மாடிக்குத்தான் பட்டனை அமுக்கியிருக்கிறார். மூன்று என்றால் மூன்று, ஏழு என்றால் ஏழு. எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதில்லை. தனக்காக ஒரு மாடிக்கும் போனதில்லை. செத்த பிறகுமா சொன்ன இடத்தில் நிற்பது என்று ஓர் எண்ணம் வந்தது. வந்ததும், ரொம்ப நாளாகக் கனத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது.

தோளிலிருந்த துண்டை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். பேண்ட்டைக் கழற்றினார். வேறு நிறப் பின்பக்கத்தோடு கண்ணாடிக் கதவைப் பார்த்து நடந்தார்.

வருகை அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார். அஞ்சலி கலையாதபடி கிசுகிசுவென்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

"மூழ்கினவன் எங்க சார் இருக்கணும்?" என்றார் லிஃப்ட்காரர். அவர் கிசுகிசுக்கவில்லை.

வருகை அதிகாரி இன்னொரு கண்ணையும் திறந்தார். பொது மேலாளரைப் பார்த்தார். பொது மேலாளர் கண்ணைத் திறந்து யோசித்தார். உண்மையில் பேசி முடித்ததிலிருந்து அவருக்கும் ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. நாளைக்கு மேலிடத்திலிருந்து யாராவது வந்து, ஆள் மூழ்கினது எந்த இடம் என்று கேட்டால், கம்பளத்தைக் காட்ட முடியுமா? வாட்டர் பார்க்குக்கு அது கௌரவமா? மூழ்கினவர் தண்ணீரில் இருப்பதுதான் முறை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஊழியர்கள் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அதிகாரி தானே போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

லிஃப்ட்காரரின் மனைவி அதற்குள் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்துவிட்டார். குழந்தை போகக் கூடாது என்று அதிகாரி குறுக்கே நின்றார். அந்த அம்மாள் இத்தனை வருஷமாகப் புருஷன் சாப்பிடும்போது சொல்கிற ஆஸ்பத்திரிக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"தண்ணிலேருந்து எடுக்கற ஆளை யாருன்னு சொந்தக்காரங்க அடையாளம் காட்ட வேணாமா? காட்டாம நீங்க பாட்டுக்கு இவருதான்னு எழுதிப்பீங்களா?"

அதிகாரி மறுபடியும் பொது மேலாளரைப் பார்த்தார். அடையாளம் காட்டுவது அவசியம் என்றார் பொது மேலாளர். சொந்தக்காரர்கள் எல்லாருமே காட்டினால் இன்னும் நல்லது, பின்னால் ஒரு பேச்சு வராது.

லிஃப்ட்காரர் படியில் இறங்கினார். தண்ணீர் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நெஞ்சில் ஏறியபோது மூச்சு ஒரு பிடி பிடித்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. கம்பளத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம், அதையும் தூங்கிக் கெடுத்தாயிற்று. கால் தரையில் பாவினதும் திரும்பி நின்று இரண்டு கையையும் நீட்டினார். வாலு கரையிலேயே நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்பி ஒரு தடவை கதவையும் பார்த்தாள், யாராவது போனை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

குதித்தது அப்பாவின் நெஞ்சு மேல். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போய், இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். கையில் கட்டியிருந்த காகிதப் பட்டைகள் கூழாகிப் போயின. லிஃப்ட்காரரின் மனைவி படியில் உட்கார்ந்து, தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார். நாள் முழுக்க ஒற்றி ஒற்றி எடுத்த வேர்வையெல்லாம் இறங்கிப் போனது.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். வராமலே இருந்தாள். லிஃப்ட்காரர் பதறிப்போய்த் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவ, அவள் அவர் முதுகுப் பக்கமாக எழும்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூக்கில் தண்ணீர் ஒழுக, காதோரம் வாயை வைத்து, "நனைஞ்சிட்டேன்ப்பா" என்றாள். அவர் முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

லைஃப்கார்டு கரையோரமாக வந்து குந்தினார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு, மேலாளர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஜில்லென்று இருக்குமா என்று மெதுவாக விசாரித்தார். ஏன், நீங்கள் இறங்கினதே இல்லையா என்றார் லிஃப்ட்காரர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கம்பளத்தில்தான் போட்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். ஒரு விரலை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். சட்டென்று எடுத்து டிராயரில் துடைத்துக்கொண்டார்.

பொது மேலாளர் போய்விட்டார். மூழ்கினவர் மூழ்க வேண்டிய இடத்தில் மூழ்கியிருப்பதில் அவருக்கு முழுத் திருப்தி. வருகை அதிகாரி மட்டும் பளபளக்கிற ஷூவில் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நின்றார். ஐந்து மணி நெருங்குகிறது, அடையாளம் காட்டுவது முடிந்தால் மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்றார். அது முடியாமல் தண்ணீரை மூட முடியாது என்றும் தன் கஷ்டத்தைச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, "பாப்பா, நல்லாப் பாத்துச் சொல்லும்மா. இவருதான் உங்கப்பாவா?" என்று கேட்டார்.

வாலு அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கினாள். மூக்கைத் தொட்டாள், மீசையைத் தொட்டாள், காதை மடக்கிப் பார்த்தாள். அப்புறம் அதிகாரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் சரியாத் தெரியல மாமா. கொஞ்ச நேரம் பாத்துதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முங்கினாள்.